அரிய பக்கவிளைவு: மருந்துக் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வசிக்கும் தன் அக்காவுக்காக ஒரு வாசகி கேட்கிறார்: தைராய்டு கண் நோய்க்கு ஆன்டிபாடி மருந்து ஏற்றியபோது, பாதித் தவணையிலேயே அக்காவுக்குக் குழப்பமும் மறதியும் வந்துவிட்டன. இப்போது நடையும் தள்ளாடுகிறது. கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா?

வழக்கறிஞரின் பதில்:

போடலாம். ஆனால் ஜெயிப்பது கடினம். பக்கவிளைவு அரிதாக இருப்பதே கம்பெனிக்குச் சாதகம்.

மருந்தின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. இந்த நோய்க்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதலில் அனுமதித்தது, 2020 ஜனவரியில் வந்த டெப்பெஸா. அக்காவுக்கு ஏற்றியதும் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் எட்டுத் தவணை. காது கேட்காமல் போனதாகப் பலர் தொடுத்த வழக்குகள் 2023இல் சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அவர்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. மருந்துச் சோதனையில் சுமார் 10 சதவீதம் பேருக்குக் காதுக் கோளாறு பதிவானது. முதல் லேபிளின் அட்டவணையிலும் அது இருந்தது. ஆனால் எச்சரிக்கைப் பகுதியில் அது ஏறியது 2023 ஜூலையில்தான்.

மூளை விஷயத்தில் இப்படியொரு பிடி இல்லை. இந்த மருந்து ஏற்றிய ஒரு நோயாளிக்கு நினைவாற்றல் வேகமாகச் சரிந்ததையும், பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்குப் பின் முன்னேற்றம் தெரிந்ததையும் 2021இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. புதிய ஆபத்து தெரியவந்தால், எஃப்.டி.ஏ. ஒப்புதலுக்குக் காத்திராமல் கம்பெனியே எச்சரிக்கையைக் கூட்டலாம். 'வையத் எதிர் லெவின்' வழக்கில் 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துக்காட்டியது. ஆகவே அக்காவுக்கு முதல் தவணை ஏறிய தேதி முக்கியம்: அன்றைக்குக் கம்பெனிக்கு என்ன தெரிந்திருந்தது?

அடுத்த தடை இன்னும் பெரிது. தைராய்டு ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு, இந்த மருந்தே இல்லாமலும் ஹாஷிமோட்டோ என்செஃபலோபதி என்ற மூளைக் கோளாறு வரலாம்; அதிலும் இதே குழப்பம், இதே தள்ளாட்டம். எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல மருந்துக்கு முந்தைய டி.பி.ஓ. (தைராய்டு ஆன்டிபாடி) பரிசோதனை முடிவு, எம்.ஆர்.ஐ., மருந்தை நிறுத்தியபின் தேறினாரா என்ற நரம்பியல் நிபுணரின் குறிப்பு எல்லாம் வேண்டும்.

எச்சரிக்கை போய்ச்சேர வேண்டியது மருத்துவருக்கே என்கிறது இலினாய் சட்டம். "தெரிந்திருந்தால் இதை எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்" என்று அவர் சாட்சி சொல்லாவிட்டால் பல வழக்குகள் அங்கேயே படுத்துவிடும்.

காலக்கெடு இலினாயில் பொதுவாக 2 ஆண்டு. பாதிப்பையும், அதற்குப் பிறர் தவறு காரணமாக இருக்கலாம் என்பதையும் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அது ஓடும். காது வழக்குகளோடு தானாகச் சேர்ந்துவிடலாம் என்று நம்பி இருக்கக் கூடாது. காதில் இரைச்சலும் இருந்தால் ஆடியோகிராம் எடுத்து வைப்பது நல்லது.

இந்த வாரமே செய்ய வேண்டியது, மருந்து ஏற்றிய மையத்தில் ஒவ்வொரு தவணைக்குமான நர்ஸ் குறிப்பின் நகலை வாங்குவது. தேதி, அளவு, மருந்துக் குப்பியின் லாட் எண் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவிளைவைத் தெரிவிப்பதற்கான எஃப்.டி.ஏ.வின் மெட்வாட்ச் படிவத்தை நோயாளியோ குடும்பத்தாரோ நிரப்பி அனுப்பலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை.