சிங்கப்பூர்ப் பெண்களும் நம் தோட்டத்துத் திடலும்

கேள்வி: சுண்டைக்காய் அளவு சிங்கப்பூருக்கும் பெண்கள் தேசியக் காற்பந்து அணி இருக்கிறதாமே! ஜெயிக்கவா போகிறார்கள்? என் மகளும் பந்து பந்து என்று அலைகிறாள்.
– ஒரு வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: அப்படித் தள்ளிவிடாதீர்கள், அம்மா. 1977இல் தைவானில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த அணி அது. நம் மலேசியப் பெண்கள் அந்த இடத்தைத் தொட 1983 வரை ஆனது. அப்புறம் இரண்டு நாடுமே அசந்துவிட்டன. தாய்லாந்து 2015இலும் வியட்நாம் 2023இலும் மகளிர் உலகக் கிண்ணத்தில் ஆடிவிட்டன. சிங்கப்பூரின் டேனெல் டான் 2023இல் ஜெர்மனியின் பொருசியா டோர்ட்முண்ட் மகளிர் அணியில் சேர்ந்தார். அது நல்ல சேதி.

உங்கள் கெடாவில் திடலுக்கா பஞ்சம்? பீடோங், கூலிம் பக்கத் தோட்டங்களில் சாயங்காலம் பையன்கள் உதைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான். மாநிலப் பெண்கள் அணிகள் மோத துன் ஷரிபா ரொட்சியா கிண்ணம் என்றே ஒரு போட்டி நடந்திருக்கிறது. முதலில் மகளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். நாளைக்கே பள்ளி விளையாட்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.