பட்ட மரமா, உறங்கும் மரமா?
மலைப்பகுதி இளங்கன்றுகளில் குளிர்காலச் சேதத்தை மதிப்பிடும் முறை

மரம் நடும் திட்டங்களின் வெற்றியை அளப்பதற்கு, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிடப் பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையே உரிய அளவுகோலாகும். பிழைத்தவற்றை எண்ணுவது எளிய வேலையாகத் தோன்றும். சமவெளிகளில் பெரும்பாலும் அது எளியதே. ஆனால் உறைபனி படியும் உயரங்களில் உயிருள்ள கன்றும் பட்டுப்போன கன்றும் குளிர்காலம் முழுவதும் ஒரே தோற்றத்துடன் நிற்கின்றன. அக்காலத்தில் எடுக்கும் கணக்கு பிழையாகக்கூடும். அப்பிழையின் பேரில் கன்று பிடுங்கப்பட்டுவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. கிழக்கு இமயமலையில் வளரும் மக்னோலியா மரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இச்சேதத்தை எப்போது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இங்கே காண்போம்.

செண்பகத்தின் உறவு

மக்னோலியா என்னும் பெயர் பியேர் மன்யோல் (1638-1715) என்ற பிரெஞ்சுத் தாவரவியலாரின் நினைவாக வைக்கப்பட்டது. தமிழ் மக்கள் நன்கறிந்த செண்பகமும் இன்று இப்பேரினத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. செண்பகம் வெப்பமான இடங்களில் என்றும் பசுமையாக நிற்பது. அதன் உறவான காம்ப்பெல் மக்னோலியாவோ டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் ஏறத்தாழ 2,100 மீட்டர் முதல் 3,000 மீட்டர் வரையிலான உயரத்தில் வளர்வது. குளிர்காலத்தில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிடுவது. 1848-50ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் ஆய்வுப் பயணம் செய்த ஜோசப் டால்டன் ஹூக்கர், அப்போது டார்ஜிலிங்கின் மேற்பார்வை அதிகாரியாக இருந்த ஆர்ச்சிபால்ட் காம்ப்பெலின் பெயரை இம்மரத்துக்குச் சூட்டினார்.

குளிர்காலத்தின் இறுதியில், இலை தோன்றுவதற்கு முன்பே, வெற்றுக் கிளைகளில் பெரிய வெண்ணிற அல்லது இளஞ்சிவப்பு மலர்கள் பூப்பது இம்மரத்தின் சிறப்பு. விதையிலிருந்து வளர்க்கப்படும் மரம் முதன்முதலாகப் பூப்பதற்கு இருபது முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகலாம். ஆகவே, மூன்று வயதுக் கன்று ஒன்றைத் தவறாகக் கழித்துவிட்டுப் புதிய நாற்றை நடுவது ஒரு கன்றின் விலையோடு முடிந்துவிடும் இழப்பன்று. கழிந்த மூன்று ஆண்டுகளும் உடன் போகின்றன.

குளிர் செய்யும் சேதம்

மரங்கள் குளிரைத் திடீரென எதிர்கொள்வதில்லை. இலையுதிர் காலத்தில் பகற்பொழுது குறையக் குறைய வளர்ச்சி நின்று, திசுக்கள் படிப்படியாகக் குளிருக்குப் பதப்படுகின்றன. தாமதமாக இடப்பட்ட தழைச்சத்து உரத்தால் செழித்த இளந்தளிர்கள் இவ்வாறு பதப்படுவதற்கு முன்பே உறைபனிக்கு இலக்காகின்றன. திசுவறைகளுக்கு இடையேயுள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி திசுவறைகளின் உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுப்பதால் அவை வறண்டு சிதைகின்றன.

இதைத் தவிர வேறு சில சேதங்களும் உண்டு. தெற்கு, தென்மேற்குப் பக்கங்களில் பிற்பகல் வெயிலால் சூடேறும் மரப்பட்டை, இரவில் விரைந்து குளிர்வதால் வெடிக்கிறது. நிலம் உறைந்திருக்கும்போது வீசும் வறண்ட காற்று, வேர் ஈடுசெய்ய இயலாத அளவுக்கு நீரைக் கிளைகளிலிருந்து பறிக்கிறது. பனிப்பாரம் கிளைகளை முறிக்கிறது. பனிக்கு அடியில் எலியினங்கள் பட்டையைக் கொறிக்கின்றன. மறுபுறம், பனிப்போர்வை தண்டின் அடிப்பகுதியைக் கடுங்குளிரிலிருந்து காக்கவும் செய்கிறது. மேற்பகுதி கருகிய கன்று அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று முறை பார்வையிடல்

முதற்பார்வை மார்ச் மாதத்தில் நிகழலாம். ஆனால் அது பதிவுக்கானதே தவிர, தீர்ப்புக்கானதன்று. இலையில்லாமை இக்காலத்தில் இம்மரத்துக்கு இயல்பான நிலை. மேலும், உறைபனியால் இறந்த திசு உடனே நிறம் மாறுவதில்லை. வெப்பமான நாட்கள் சில கழிந்த பின்னரே அது பழுப்பாகிறது. உறைபனிக்கு மறுநாள் பச்சையாகத் தெரிவது சில நாட்களில் கருமையாகலாம்.

இரண்டாம் பார்வை மே மாத இறுதியில் நிகழ வேண்டும். உயிருள்ள மொட்டுகள் அதற்குள் பெரும்பாலும் விரிந்துவிடும். மூன்றாம் பார்வை மழைக்காலத்தின் முடிவில், செப்டம்பரில் தேவைப்படுகிறது. தண்டில் சேதமுற்ற கன்று, தன்னிடம் சேமிப்பிலுள்ள உணவையும் நீரையும் கொண்டு சில இலைகளை விரித்துவிட்டு, பின்னர் திடீரென வாடிவிடுவதுண்டு. மே மாதத்தில் பச்சையாக நின்றது என்பதே பிழைத்தமைக்கு முழுச் சான்றாகாது.

களத்தில் செய்யத்தக்க சோதனைகள்

1. கீறல் சோதனை: நகத்தாலோ சிறு கத்தியாலோ மேற்பட்டையை மிகச் சிறிதளவு கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அப்பகுதிக்கு உயிர் உண்டு. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அது பட்டுவிட்டது. நுனியில் தொடங்கி, பச்சை தென்படும் இடம்வரை கீழ்நோக்கி வர வேண்டும். நுனியில் மட்டும் கீறிவிட்டு மரம் முழுவதற்கும் முடிவு கூறுவது பிழை.

2. வளைத்தல்: உயிருள்ள சிறுகிளை வளையும், பட்ட கிளை ஓசையுடன் ஒடியும்.

3. மொட்டுச் சோதனை: சில மொட்டுகளை நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். மென்மயிர் போர்த்த பெரிய மொட்டுகள் பூமொட்டுகள், சிறியவை இலைமொட்டுகள். பூமொட்டு குளிரை அவ்வளவாகத் தாங்காது. எனவே, அதன் உட்பகுதி கறுத்திருந்தால் அவ்வாண்டின் பூ போயிற்று என்று மட்டுமே பொருள். மரம் போயிற்று என்பதன்று.

4. தண்டுச் சோதனை: தண்டின் நான்கு பக்கங்களிலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டை இறந்திருந்தால் மரம் தேறலாம். சுற்றளவு முழுவதும் இறந்திருந்தால் அதற்கு மேலுள்ள பகுதி நிலைக்காது.

5. ஒட்டுச் சோதனை: ஒட்டுக்கன்றாயின், துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று காண வேண்டும். கீழிருந்து வருவது அடிச்செடியின் துளிர். விரும்பி நட்ட வகை அழிந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதைப் பிழைத்த கன்றாக எழுதுவது தவறு. விதைக்கன்றில் அடியிலிருந்து வரும் துளிர் அதே மரமாகும்.

வேரைத் தோண்டிப் பார்க்கலாகாது. மக்னோலியாவின் வேர்கள் சதைப்பற்றுள்ளவை, தொந்தரவைப் பொறுக்காதவை. நிலைத்திருக்கக்கூடிய கன்றைச் சோதனையே கொன்றுவிடக்கூடும்.

நான்கு நிலைகள்

இச்சோதனைகளின் முடிவுகளை நான்கு நிலைகளாக வகுக்கலாம். பூமொட்டு மட்டும் கருகியது முதல் நிலை. இதற்கு எந்நடவடிக்கையும் வேண்டியதில்லை. கிளை நுனிகள் பட்டது இரண்டாம் நிலை. மே மாதத்துக்குப் பின், உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் போதும். தண்டின் ஒரு பகுதி சேதமுற்றது மூன்றாம் நிலை. இதுவே செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியது. தரைமட்டம்வரை பட்டு, மே மாத இறுதியிலும் அடியில் துளிர் இல்லாதது நான்காம் நிலை. இதை மட்டுமே உடனே மாற்றி நட வேண்டும்.

காத்திருத்தலின் கணக்கு

நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிவடைகிறது. நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்ற கேள்வியும் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே எழுகிறது. மரத்தின் ஆண்டோ அந்தத் தேதியில் முடிவதில்லை. இந்த முரண்பாட்டின் விலையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு மலைச்சரிவில் மூன்று வயதுள்ள 200 கன்றுகள் இருப்பதாகக் கொள்வோம். மார்ச் மாதத்தில் அவற்றுள் 80 கன்றுகளில் உயிர்க்குறி ஏதும் தெரியவில்லை. அவை அனைத்தையும் கழித்தால் 80 கன்றுகளை மாற்றி நட வேண்டும். மே இறுதிவரை பொறுத்தால் அவற்றுள் 50 துளிர்க்கின்றன. செப்டம்பருக்குள் அந்த ஐம்பதில் 8 வாடிவிடுகின்றன என்று கொள்வோம். அப்போது மாற்ற வேண்டியவை 30-உம் 8-உம் சேர்ந்து 38 மட்டுமே. மீந்த 42 கன்றுகளின் விலையோடு, அவற்றின் 126 ஆண்டு வளர்ச்சியும் காப்பாற்றப்படுகிறது. மேலும் இரண்டு முறை பார்வையிடும் செலவு மட்டுமே இதற்கு ஈடாக ஏற்படுகிறது.

காத்திருந்தால் நடவுப் பருவம் தவறிவிடுமே என்ற ஐயம் எழலாம். கிழக்கு இமயமலையில் மழைக்கால நடவு ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. மே இறுதியில் எடுக்கப்படும் முடிவு அதற்கு நேரத்திலேயே வந்துசேரும். மார்ச்சில் அவசரப்பட்டுப் பிடுங்குவதால் நடவு ஒரு நாள்கூட முந்துவதில்லை. செப்டம்பரில் கழிக்கப்படும் சில கன்றுகளுக்கு மட்டும் மாற்று நடவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

ஆகவே, மார்ச் மாதப் படிவத்தில் ‘உயிருள்ளது’, ‘பட்டது’ என்ற இரண்டு பத்திகளுடன் ‘தீர்மானிக்கப்படாதது’ என்ற மூன்றாவது பத்தி ஒன்றும் இருத்தல் நலம். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகாது. அந்நாளில் உண்மையாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவதாகும். இப்பத்தி இல்லாவிடில் களப்பணியாளர் இரண்டு பொய்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரிடுகிறது: ஐயத்துக்குரிய கன்றை உயிருள்ளதாகக் காட்டி விழுக்காட்டை உயர்த்தலாம், அல்லது பட்டதாகக் காட்டிப் புதிய கன்றுக்குப் பணம் கோரலாம்.

இடைக்காலப் பராமரிப்பு

காத்திருக்கும் காலம் கைகட்டி நிற்கும் காலமன்று. பனி உருகியபின் மண் உலர்ந்திருந்தால் நீர் பாய்ச்ச வேண்டும். தண்டைத் தொடாமல் இலைமக்கால் மூடாக்கு இட வேண்டும். முறிந்து தொங்கும் கிளைகளை மட்டும் சீராக வெட்டலாம். தழைச்சத்து உரத்தை அள்ளி இடுவது பலவீனமான கன்றுக்கு உதவாது. அடுத்த குளிர்காலத்துக்கு முன் தண்டைச் சாக்கினால் சுற்றுவதும், எலிகளைத் தடுக்கக் கம்பிவலை இடுவதும் பயன் தரும்.

மக்னோலியாவுக்குக் கூறப்பட்ட இம்முறை, நாட்களைச் சற்று மாற்றிக்கொண்டால், காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் உள்ள இளம் ஆப்பிள், வாதுமைத் தோட்டங்களுக்கும் பொருந்தும். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பருவம் முந்திப் பெய்த பனி, இலை உதிராத ஆப்பிள் மரங்களின்மேல் படிந்து கிளைகளை முறித்தது. முறிந்த கிளையை அன்றே எண்ணிவிடலாம். முறியாமல் நிற்கும் மரத்தின் தண்டுக்குள் நேர்ந்ததை வசந்தம் கழிந்த பின்னரே அறிய முடியும். முதற்கணக்கை உடனே எடுப்பதும், இறுதிக் கணக்கை மரம் துளிர்த்த பின் எடுப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முறையான மதிப்பீடு ஆகும்.