எல்லா வேலைக்கும் ஒருவரா, ஒரு தொழிலுக்கு ஒருவரா?

கேள்வி:

மேடம், எனக்கு 34 வயது. கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். நான்கு வருடமாக வீட்டிலிருந்தே வெளிநாட்டவர்களுக்கு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் (வி.ஏ.) வேலை பார்க்கிறேன். இப்போது ஐந்து கிளையன்ட். அமெரிக்காவில் ஒரு யோகா ஆசிரியைக்கு இன்ஸ்டாகிராம் பதிவும் நியூஸ்லெட்டரும். ஆஸ்திரேலியாவில் ஒரு ரியல் எஸ்டேட் ஏஜென்டுக்கு மெயில், காலண்டர். அமேசானில் விற்கும் இரண்டு பேருக்கு லிஸ்டிங் போடுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது. ஒருவர் நாய், பூனைக்கான பொருட்கள் விற்கிறார், மற்றவர் கிச்சன் டவலும் ஏப்ரனும் விற்கிறார். கனடாவில் வயதான ஓர் எழுத்தாளருக்கு அவர் கேட்பது எல்லாம்.

மணிக்கு 6 டாலர் வாங்குகிறேன். இரண்டு வருடமாக ஏறவில்லை. கேட்டால், இதே காசுக்கு பிலிப்பைன்ஸில் ஆள் கிடைக்கிறது என்கிறார்கள். ஆன்லைனில் பயிற்சி நடத்தும் ஒருவர், "ஒன்றை மட்டும் பிடியுங்கள். கேன்வா மட்டும், அல்லது பின்ட்ரஸ்ட் மட்டும்" என்கிறார். அதற்கு அவர் கேட்கும் கட்டணம் 45,000 ரூபாய். இதே வேலை பார்க்கும் என் தோழியோ, "நாலு வேலை தெரிந்ததால்தான் நாலு பேர் கூப்பிடுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அது போனால் எல்லாம் போச்சு" என்கிறாள். இதற்கிடையில் யோகா ஆசிரியை போன மாதத்திலிருந்து பதிவுகளை சாட்ஜிபிடியிலேயே எழுதிக்கொள்கிறார். நான் எந்தப் பக்கம் போவது?

— வாசகி, கரூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒன்றைப் பிடியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கேன்வாவும் வேண்டாம், பின்ட்ரஸ்டும் வேண்டாம். நீங்கள் பிடிக்க வேண்டியது உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அதை எழுதிவிட்டு, ஏதோ பழைய கதைபோலத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆறு வருட மெர்ச்சண்டைசர் வேலையை உங்கள் ப்ரொஃபைலில் எங்காவது போட்டிருக்கிறீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் பலர், முன்பு பார்த்த வேலையை "அது வேறு, இது வேறு" என்று மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கேன்வா, பின்ட்ரஸ்ட் போன்ற ஒரு கருவியை நம்பித் தொழிலை அமைப்பது ஆபத்து. அந்தக் கருவியின் சாவி நம் கையில் இல்லை. 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதுவரை டிக்டாக் வேலை மட்டுமே செய்துகொடுத்து வந்த ஒருவருக்கு, ஓரிரு நாளில் அந்தச் செயலி திறக்கவே இல்லை. கிளையன்ட் அமெரிக்காவில் இருந்தாலும் இதுதான் நிலை. 2022 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் நேரலை விற்பனை வசதியை மூடியது. கருவி வரும், போகும். வேலையின் பெயர்களும் மாறும். ஆனால் துணி விற்பவர் துணி விற்றுக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு வரும் சிக்கல்களும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஒரு வேலையைப் பிடிக்காதீர்கள், ஒரு தொழிலைப் பிடியுங்கள். வீட்டு ஜவுளியை ஆன்லைனில் விற்பவர்களுக்கான வி.ஏ. என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலுக்குள் லிஸ்டிங், வாடிக்கையாளர் பதில், சப்ளையரோடு மெயில், ஸ்டாக் கணக்கு என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

இது எப்படிக் காசாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் டவல் கிளையன்டையே எடுத்துக்கொள்வோம். அவர் பருத்தி வாஃபிள் டவல் விற்கிறார், ரிட்டர்ன் வந்துகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். "ஒருமுறை துவைத்ததும் சின்னதாகிவிட்டது" என்று வாடிக்கையாளர் எழுதுகிறார். பொதுவாக வேலை பார்க்கும் வி.ஏ. என்ன செய்வார்? பணிவாக மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த மெயிலுக்குப் போவார். அதில் தவறில்லை. அவர் வேலை அதோடு முடிந்தது.

உங்களுக்கு அது மெயிலாகத் தெரியாது, ஷ்ரிங்கேஜாகத் தெரியும். வாஃபிள் நெசவு முதல் வாஷில் நன்றாகவே சுருங்கும் என்று உங்களுக்குத் தெரியும். லிஸ்டிங்கில் போட்டிருக்கும் அளவு துவைப்பதற்கு முந்தைய அளவா, பிந்தைய அளவா என்று பார்ப்பீர்கள். சப்ளையரிடம் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பீர்கள். அளவு வரியைத் திருத்தி, "முதல் துவைப்புக்குப் பின் இந்த அளவு" என்று சேர்க்கச் சொல்வீர்கள். அடுத்த ஆர்டருக்கு, நெய்யும்போதே சில அங்குலம் கூட்டிப் போட முடியுமா, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, விலை எவ்வளவு ஏறும் என்று பேசுவீர்கள். அந்தக் கிளையன்டுக்கு ஒவ்வொரு ரிட்டர்னும் நஷ்டம். அதை அடைப்பவருக்கு மணிக்கு 6 டாலர் கொடுப்பது அவருக்கே கூசும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. "பாம்பூ டவல்" என்று ஒன்றை விற்க ஆசைப்படாத ஜவுளி வியாபாரி இல்லை. மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் நூல் ரேயான்தான், விஸ்கோஸ்தான். அதை வெறுமனே "மூங்கில் துணி" என்று விற்கக் கூடாது, மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான் என்றே சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன். இந்த விவகாரத்தில் 2022-ல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டன. அவ்வளவு பெரிய கடைகளுக்கே இந்தக் கதி என்றால், வீட்டு கராஜில் பெட்டி அடுக்கி வைத்து விற்கும் ஒரு சின்ன வியாபாரி எந்த மூலைக்கு? அவர் லிஸ்டிங்கில் அந்த வார்த்தையைப் பார்த்ததும், "இதைப் போடாதீர்கள், சப்ளையரிடம் ஃபைபர் விவரம் எழுத்தில் வாங்குங்கள்" என்று சொல்லும் ஆளை அவர் விடவே மாட்டார். பிலிப்பைன்ஸில் திறமைசாலிகள் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லேப் டிப்பையும் (சாய மாதிரி) சாம்பிளையும் ஷிப்மென்ட் தேதியையும் ஆறு வருடம் கையாண்டவர், அமேசான் லிஸ்டிங்கும் தெரிந்தவர், உங்களைப்போல எத்தனை பேர் இருப்பார்கள்? இப்போது உங்களை எல்லாரோடும் ஒப்பிட முடிகிறது. அதனால்தான் விலை ஏறவில்லை.

சாட்ஜிபிடி பற்றிய பயமும் இங்கேதான் தீரும், அல்லது பாதியாவது குறையும். 2025 ஜனவரியில் அமேசான் பொருட்களின் தலைப்புக்குப் பெரும்பாலான பிரிவுகளில் 200 எழுத்து வரம்பு வைத்தது, ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது என்றது. பழைய தலைப்புகளை அந்த விதிக்குள் வெட்டிக் கொடுப்பதை ஏஐ சில நொடியில் முடித்துவிடும். மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்தவருக்கு வேலை போகத்தான் செய்யும். உங்கள் யோகா ஆசிரியை செய்ததும் அதுதான், அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் கையில் வந்திருக்கும் துணி சொன்ன ஜிஎஸ்எம்மில் இருக்கிறதா, சப்ளையர் சொல்லும் சாக்கு நம்பும்படியாக இருக்கிறதா என்பதற்கு ஆள் வேண்டும். நீங்களும் ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது எழுதுவதில் எது பொய் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த துறையில் நின்றுகொண்டு பயன்படுத்துங்கள்.

உங்கள் தோழி சொல்வதையும் தள்ளிவிட மாட்டேன். ஒரு தொழிலைப் பிடித்தால் அதன் அடியும் நம் மேல் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது கரூரும் திருப்பூரும் எப்படித் தவித்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கிளையன்ட் எல்லாரும் அமெரிக்காவில் இருக்க வேண்டாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவிலும் தேடுங்கள். கிளையன்ட் இந்தியாவிலிருந்து மட்டும் வாங்குகிறாரா, துருக்கி, போர்ச்சுகலிலிருந்தும் வாங்குகிறாரா என்று கேளுங்கள். வரி ஏறும்போது வாங்கும் நாட்டை மாற்றிக்கொள்ளக்கூடியவர் உங்களுக்குப் பாதுகாப்பு. அப்படி மாற்றும்போது சப்ளையர்களை ஒப்பிட்டுப் பார்க்க உங்களைப் போன்ற ஆள்தான் தேவைப்படும்.

கனடா எழுத்தாளரை மட்டும் விடாதீர்கள். அங்கே நீங்கள் பொது வேலைக்காரர் இல்லை. அவர் எப்படி எழுதுவார், யாருக்குப் பதில் போட மாட்டார், எந்த மருந்து நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மனிதரை முழுவதும் அறிந்து வேலை பார்ப்பது தனித் தகுதி. அப்படிப்பட்டவர்கள் ஆளை மாற்ற நினைக்க மாட்டார்கள். 6 டாலர் என்பதை மாற்றலாம், அதை நேரடியாகக் கேளுங்கள்.

மற்றவர்கள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வீட்டுச் செலவு இந்த வருமானத்தில் ஓடுகிறது என்றால், இருக்கும் கிளையன்டை விட்டுவிட்டுப் புதியவரைத் தேடுவது தவறு. ப்ரொஃபைலின் முதல் வரியை இன்றே மாற்றுங்கள்: ஆறு ஆண்டு ஏற்றுமதி மெர்ச்சண்டைசர் அனுபவம், டவல், டேபிள் ரன்னர், பெட் லினன் விற்பவர்களுக்கு லிஸ்டிங், ரிட்டர்ன், சப்ளையர் தொடர்பு. இனி வரும் புதிய கிளையன்ட் மட்டும் இந்தத் துறையிலிருந்து வரட்டும். அவரிடம் மணிக்கு 12 டாலர் என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் மறுப்பார்கள், இறங்கி வராதீர்கள். அப்படி ஒருவர் சேர்ந்ததும், ஐந்து பேரில் நேரத்தை அதிகம் தின்று காசு குறைவாகத் தருபவருக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள். அது ரியல் எஸ்டேட் ஏஜென்டாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இரவில் அவசர மெயில், காலையில் காலண்டர் மாற்றம் என்று அந்த வேலைக்கு நேரம் காலமே கிடையாது. சில மாதம் பழகியபின் மணிக்கணக்கை விட்டு மாதக் கட்டணத்துக்கு மாறுங்கள். சீக்கிரமாக வேலையை முடிக்கத் தெரிந்தவருக்கு மணிக்கணக்கு நஷ்டம்.

ஆள் எங்கே கிடைப்பார்கள்? ஜனவரிதோறும் ஃப்ராங்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சியை நீங்கள் வேலையில் இருந்தபோதே கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை போடுபவர்களின் பட்டியல் வெளிப்படையாகவே இருக்கும், அதில் சின்ன பிராண்டுகளைப் பொறுக்கி லிங்க்ட்இன்னில் எழுதுங்கள். அவர்களின் ஒரு லிஸ்டிங்கைப் படித்து, அதில் கண்ட ஒரு குறையைச் சொல்லி எழுதுங்கள். வெறும் "வேலை இருக்கிறதா" மெயிலை யாரும் திறப்பதில்லை. ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் விற்றால் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் அந்தத் தளத்துக்குப் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். அந்த 45,000 ரூபாய் பயிற்சி வேண்டாம். அமேசானே செல்லர் யூனிவர்சிட்டி என்று இலவசமாகப் பாடம் நடத்துகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். துறைக்குள் போனதும், ஒரே பொருளை நேருக்கு நேர் விற்கும் இரண்டு பேர் உங்களிடம் வருவார்கள். ஒருவரின் சப்ளையர் பெயர், வாங்கும் விலை, எந்தச் சொல்லுக்கு விளம்பரம் போடுகிறார் என்பதெல்லாம் உங்கள் கண்முன் இருக்கும். அந்த நிலையில் அவரது போட்டியாளரை எடுக்காதீர்கள், அல்லது இருவரிடமும் எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சொல்லாமல் இருவருக்கும் வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், அது துரோகம் என்றே நான் நினைக்கிறேன். அதேபோல் பழைய நிறுவனத்தின் பையர் பட்டியலையோ விலைப் பட்டியலையோ தொடாதீர்கள். நீங்கள் விற்பது உங்கள் அனுபவத்தை. அவர்களின் கோப்பு அவர்களுடையது. கிளையன்டின் பாஸ்வேர்டை வாங்காதீர்கள், அமேசானின் செல்லர் சென்ட்ரலில் உங்களுக்கென்று தனி யூசர் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் வருகிற வேலையை எல்லாம் செய்யுங்கள், எந்தத் தொழில் உங்களுக்குப் புரிகிறது என்று அப்போதுதான் தெரியும். இந்தச் சகோதரிக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது.

சகோதரி, இந்த வாரம் டவல் கிளையன்டிடம் கேட்டு, கடைசி மூன்று மாத ரிட்டர்ன்ஸ் ரிப்போர்ட்டையும் செல்லர் சென்ட்ரலில் உள்ள 'வாய்ஸ் ஆஃப் தி கஸ்டமர்' பக்கத்தையும் எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளர் எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், மெர்ச்சண்டைசராக உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். காசு கேட்காமல் அதை அவருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து புதிய கட்டணம் என்ன என்று அதே மெயிலின் கடைசியில் எழுதுங்கள்.