திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதுவதா?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனப்பாடப் பாடல், நெடுவினா, கடிதம் எல்லாம் ஓரளவு கைக்குள் வந்திருக்கும். பலருக்கும் கடைசிவரை பிடிபடாமல் நிற்பவை இரண்டு: உரைப்பத்தியைக் கொடுத்துக் கேட்கும் வினாக்கள், அணி இலக்கணம். நன்றாகப் படித்த பிள்ளைகளும் இவற்றில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அவர்களிடம் உழைப்புக்குக் குறையில்லை. திருப்பிப் பார்க்கும் முறைதான் சரியில்லை.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, கைடையும் நோட்டையும் மறுபடி மறுபடி படிப்பதா, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதா என்பது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை, அதையே மீண்டும் படிப்பது. இன்னொரு முறை, பாராமல் நினைவில் உள்ளதை எழுதுவது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56.

ஆகவே நாள் கணக்கில் அவகாசம் இருக்கும்போது மூடிவைத்து எழுதுங்கள். தேர்வறை வாசலில் நிற்கும்போது வேண்டுமானால் நோட்டைப் புரட்டலாம். எழுதும்போது பாதியில் நின்றுபோகும். ‘எதுவும் தெரியவில்லையே’ என்ற பதற்றம் வரும். அந்தத் தடுமாற்றம்தான் எங்கே ஓட்டை என்று காட்டுகிறது. திரும்பப் படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். அதை நம்பிவிடக் கூடாது.

உரைப்பத்திக்கு வருவோம். இதற்குக் கைடு பெரிதாக உதவாது, ஏனென்றால் விடையும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஒவ்வோர் இயலிலும் வரும் ‘மொழியை ஆள்வோம்’ பகுதியிலுள்ள பத்திகள் நல்ல தொடக்கம். அவை முடிந்தபின் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, நீங்களே வினாக்கள் அமையுங்கள். வினா அமைக்கத் தெரிந்தவருக்கு விடை தேடுவது எளிது.

ஆனால் வினாக்கள் எல்லாம் ஒரே வகையாக இருக்கக் கூடாது. இதைப் பாருங்கள்: ‘ஏரி நிரம்பியதும் மதகைத் திறக்கும் பொறுப்பு நீர்க்கட்டியிடம் இருந்தது. கடைமடை வயல் நனைந்த பிறகே அவர் தம் வயலுக்கு மடை திறந்தார்.’ மதகைத் திறப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் விடை வரியிலேயே இருக்கிறது. நீர்க்கட்டி எத்தகையவர் என்று கேட்டால்? பெரும்பாலோர் இரண்டாம் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். அது அவர் செய்த செயல். கேட்டதோ அவருடைய குணம். ‘நீர்க்கட்டி தன்னலம் கருதாதவர், கடைமடைக்கு நீர் சேர்ந்த பிறகே தம் வயலுக்குப் பாய்ச்சினார்’ என்று குணத்தை உங்கள் சொல்லில் சொல்லி, பத்தியிலிருந்து சான்று காட்டினால்தான் அது விடை. தினம் இப்படி ஒரு வினாவாவது எழுதிப் பழகுங்கள்.

வினாவை முதலில் படிப்பதா, பத்தியையா? எழுதும் நேரம் மிச்சமாகும் என்று பலர் வினாவைச் சொல்வார்கள். புதிய உரைப்பத்திக்கு நான் பத்தியைத்தான் சொல்வேன். நம் தேர்வில் வரும் பத்தி சிறியது. ஒருமுறை முழுதாகப் படித்தால்தான் அதன் மையக்கருத்தும் பொருத்தமான தலைப்பும் பிடிபடும். ஒரு மதிப்பெண் பகுதியில் வரும் பாடல் அப்படியல்ல. அது பாடநூலில் ஏற்கெனவே பழகிய பாடல். எதுகை, மோனை, இலக்கணக்குறிப்பு என்று குறிப்பாகக் கேட்பார்கள். அங்கே வினாவிலிருந்து தொடங்கலாம்.

அணி இலக்கணத்தில்தான் பலர் தவறான முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தற்குறிப்பேற்றம், தீவகம், நிரல்நிறை, தன்மை ஆகியவற்றின் இலக்கணத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூட, புதிதாக ஒரு தொடரைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். இலக்கணத்தை மனப்பாடம் செய்வது வேண்டியதுதான். அதோடு நின்றால் போதாது. ஒரே காட்சியைப் பல அணிகளில் நீங்களே எழுதிப் பார்ப்பது அதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

தென்னங்கீற்று காற்றில் அசைகிறது. அதன் அழகை உள்ளபடியே சொன்னால் தன்மை அணி. கீற்று கை போல அசைந்தது என்றால் உவமை. கீற்றையே கையாக்கி, ‘கீற்றுக்கை அசைந்தது’ என்றால் உருவகம். ‘வெயிலில் போகாதே என்று தடுப்பது போலக் கீற்று அசைந்தது’ என்றால்? ‘போல’ இருக்கிறதே என்று உவமை அணி எனக் குறிப்பவர்கள் ஏராளம். இங்கே இரண்டு பொருள்களை ஒப்பிடவில்லை. காற்றில் தானாக நடக்கும் அசைவுக்குக் கவிஞர் தாமே ஒரு காரணத்தை ஏற்றுகிறார்; அதனால் இது தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் புகும்போது, மதில்மேல் ஆடும் கொடிகள் ‘வாராதீர்’ என்று கைகாட்டுவதாக இளங்கோவடிகள் பாடியதும் இதுதான். ‘போல’ என்ற உருபைத் தேடாமல், ‘இது இயல்பாக நடப்பதா, காரணம் யார் சொன்னது?’ என்று கேட்கப் பழகினால் இந்தக் குழப்பம் தீரும்.

நிரல்நிறைக்கு இவ்வளவு பாடு இல்லை. வரிசையாகச் சொன்னதை அதே வரிசையில் கோடிட்டு இணைத்துப் பார்த்தால் போதும். தீவகத்தில், ஓரிடத்தில் நிற்கும் சொல் எந்தெந்தத் தொடரோடு சேர்ந்து பொருள் தருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அந்தச் சொல் முதலிலா, இடையிலா, கடைசியிலா என்று பார்த்தால் வகையும் கிடைத்துவிடும்.

தனியாகப் படிப்பதா, சேர்ந்து படிப்பதா? பத்திக்குத் தனிமை நல்லது. அணிக்கு ஒரு தோழனோ தோழியோ எதிரில் இருக்கட்டும். ‘ஏன் இது உவமை இல்லை?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர் விளக்க வேண்டும்.

கடைசி இரண்டு நாளில் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து முழுதாக எழுதுங்கள். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கத் தனியாக 10 நிமிடம் தருகிறார்கள். வீட்டில் எழுதும்போதும் அந்த நேரத்தை ஒதுக்கிவைத்து, அதற்குள் உரைப்பத்தியை ஒருமுறை படித்து முடித்துவிடுங்கள். பேனா எடுக்கும் முன்பே பத்தி மனத்தில் ஏறியிருக்கும்.