வேலை தேடும் நாட்களில் மூஸா (அலை) அவர்களிடம் ஒரு பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என நம் ஊர்களில் பல வீடுகளின் அடுப்பு தோலையும் ஷூவையும் நம்பித்தான் எரிகிறது. எங்கோ எடுக்கப்படும் முடிவும் நம் வீட்டு அடுப்படி வரை வந்துவிடும். 1996-இல் பாலாற்றுப் பகுதியின் மாசு குறித்த வழக்கில், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத டேனரிகள் இயங்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆற்றையும் நிலத்தையும் காக்க அது தேவைப்பட்டது. அதே வேளையில் கூலித் தொழிலாளியின் வயிற்றில் கவலையும் பிறந்தது. 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஷூ கம்பெனிகளை நம்பியிருப்போருக்கு அதே கவலை திரும்பியது.

வேலை போனால் சம்பளம் மட்டுமா போகிறது? காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பியவர் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூசுகிறார். டிகிரி முடித்த மகன் பத்து இடங்களுக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டு, பதில் வராமல் சொந்தக்காரர் கண்ணில் படாமல் ஒதுங்குகிறான். ஜும்ஆ முடிந்ததும் "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வேகமாக வெளியேறுகிறவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட உங்களுக்காகவே போல, மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அல்லாஹ் சூரத்துல் கஸஸில் சொல்கிறான். ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர், உயிருக்கு அஞ்சி, கையில் ஒன்றுமில்லாமல் மத்யன் வந்து சேர்ந்தார். அங்கே தண்ணீர்த் துறையில் இரு பெண்கள் தங்கள் ஆடுகளோடு ஒதுங்கி நின்றார்கள். தன் கஷ்டத்தோடு அவர்களின் ஆடுகளுக்கும் தண்ணீர் புகட்டினார். கூலி கேட்கவில்லை. நிழலில் ஒதுங்கி, தன் தேவையை ரப்பிடம் மட்டும் சொன்னார். சற்று நேரத்தில் அப்பெண்களின் தந்தையிடமிருந்து அழைப்பு வந்தது. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று வேலையும், கூடவே குடும்பமும் அமைந்தது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வேலையில்லாத நாளிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. நீங்களும் ஒரு புது மெஷின் பழகுங்கள், கம்ப்யூட்டர் படியுங்கள், பிறருக்கு உதவுங்கள். இரண்டாவது, மாளிகையில் வளர்ந்தவர் ஆடு மேய்க்கத் தயங்கவில்லை. ஹலாலான எந்த வேலையும் உங்கள் படிப்பைக் குறைத்துவிடாது. மூன்றாவது, அவரை வேலைக்கு வைக்கச் சொன்ன மகள் இரண்டு தகுதிகளையே குறிப்பிட்டாள்: வலிமை, நம்பகத்தன்மை. திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள், பயோடேட்டாவில் இல்லாத அனுபவத்தை எழுதாதீர்கள். அவசரத்தில் வட்டிக் கடன் வாங்கி, பதிவில்லாத வெளிநாட்டு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடாதீர்கள்; அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவைப் பாருங்கள்.

வேலையில் இருப்பவர்களே! அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு நபிக்கு வேலை அமைந்தது. உங்கள் கம்பெனியில் ஆள் தேவை என்றால் தகுதியானவரிடம் சொல்லுங்கள். முதலாளிகளே! ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கூலி பாக்கியை வைக்காதீர்கள்.

யா அல்லாஹ்! வேலை தேடி அலையும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்க்கின் வாசலைத் திறப்பாயாக! அதுவரை அவர்களின் மானத்தைக் காப்பாயாக! ஆமீன்.