சிறகைத் தூக்கும் கப்பி

கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளுக்கு மேலே பருந்து வட்டமிடுவதை அவ்வூர்ச் சிறுவர் கண்டிருப்பர். அது நெடுநேரம் சிறகை அசைப்பதே இல்லை. வெயிலில் சூடேறி மேலெழும் காற்று அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் தரையிலிருந்து எழும் காகத்திற்கும், மலரின்முன் அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டிற்கும் அவ்வசதி இல்லை; அவை சிறகடித்தே ஆகவேண்டும். அச்சிறகடிப்பை இயந்திரத்தால் செய்துகாட்ட மனிதன் நெடுங்காலமாக முயன்று வருகிறான்.

சிறகைக் கீழே இழுக்கும் தசை பறவையின் மார்பில் உள்ளது. அவ்வாறாயின் சிறகை மேலே தூக்கும் தசை முதுகில் இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அதுவும் மார்பிலேயே, முதல் தசைக்கு அடியில் அமைந்துள்ளது. கீழிருக்கும் தசை சிறகை எவ்வாறு மேலே தூக்கும்?

இதற்கு விடை தங்கவயலிலேயே நிற்கிறது. சுரங்க வாயின்மேல் இரும்புக் கோபுரமும், அதன் உச்சியில் பெரிய சக்கரமும் உண்டு. வடத்தை இழுக்கும் இயந்திரம் கோபுரத்தின்மேல் இல்லை. தரையில் தனிக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட கம்பிவடம் உச்சிச் சக்கரத்தின்மேல் வளைந்து சுரங்கத்துள் இறங்கியது. இயந்திரம் வடத்தைச் சுருட்டச் சுருட்ட, ஆட்களைச் சுமந்த கூண்டு மேலே வந்தது. பறவையின் தோளிலும் இதே ஏற்பாடுதான். அங்கு மூன்று எலும்புகள் கூடுமிடத்தில் ஒரு துளை உள்ளது. அடித்தசையின் நாண் அத்துளை வழியே மேலேறி, வளைந்து, சிறகெலும்பின் மேற்புறத்தைப் பற்றுகிறது. தசை சுருங்கினால் சிறகு உயரும். எடை மிகுந்த இரு தசைகளும் சிறகுகளுக்குக் கீழே இருப்பதால் பறவை எளிதில் தடுமாறுவதும் இல்லை. கிணற்றுக் கப்பியை மனிதன் கண்டறியும் முன்னரே காகம் அதைத் தோளில் சுமந்து திரிந்தது!

தேனீயின் வழி வேறு. சிறகடிக்கும் ஆற்றலைத் தரும் அதன் பெருந்தசைகள் சிறகுகளோடு நேரே இணைந்தவை அல்ல. அவை மார்புக் கூட்டையே நெளிக்கின்றன. கூடு நெளிய, அதில் பொருந்திய சிறகுகள் மேலும் கீழும் அடிக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ 230 முறை இவ்வாறு நிகழ்கிறது.

பொறியாளரிடம் தசை இல்லை, மின்மோட்டார் உண்டு. மோட்டார் சுழலும், சிறகோ ஊஞ்சல்போல் ஆடவேண்டும். தையல் இயந்திரத்தை நினைவுகூர்க. காலடியில் மிதிபலகை ஆட, பக்கத்துச் சக்கரம் சுழல்கிறது. இதைத் தலைகீழாக்கினால் சிறகுப்பொறி கிடைத்துவிடும்: சக்கரம் சுழல, தண்டு ஒன்று அதன் விளிம்பைச் சிறகோடு இணைத்து அதனை ஆட்டுகிறது. சிறு மோட்டார் மிக விரைவாகச் சுழலுமேயன்றி அதற்கு வலிமை குறைவு. ஆதலால் இடையில் பற்சக்கரங்களை அமைத்து, வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுவர்.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. ஒரே சக்கரத்திலிருந்து இரு சிறகுகளுக்கும் தண்டுகள் சென்றால், பெரும்பாலும் ஒரு சிறகு சற்று முந்தும், மற்றது பிந்தும். பொறி பக்கவாட்டில் சாய்ந்து ஆடும். எதிரெதிராகச் சுழலும் இரு சக்கரங்களை வைத்து, சிறகிற்கு ஒன்றாக இணைத்தால் அக்குறை நீங்கும். ஆனால் எடை கூடும். எடை கூடினால் பெரிய மின்கலம் வேண்டும். அதனால் எடை மேலும் கூடும். ஒவ்வொரு கிராமும் இங்கே பகைதான். மேலும், சிறகு ஒவ்வோர் அடியின் முடிவிலும் நின்று திரும்ப வேண்டும். அதை நிறுத்தவும் மீண்டும் முடுக்கவும் ஆற்றல் வீணாகும். எனவே சிலர் சுருள்வில் அமைத்து, நிற்கும்போது ஆற்றலைச் சேமித்துத் திரும்பும்போது விடுவிக்கின்றனர்.

2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓசனிச்சிட்டுப் பொறி, மின்கலமும் ஒளிப்படக் கருவியும் உட்பட 19 கிராம் எடையே கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2013 ஆம் ஆண்டில் பறக்கவிட்ட தேனீப்பொறியோ 80 மில்லிகிராம்தான். அவ்வளவு சிறிய பொறியில் பற்சக்கரங்கள் உராய்வாலேயே தோற்றுவிடும். ஆகவே அவர்கள் சக்கரத்தையே கைவிட்டு, மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் மெல்லிய பட்டையைத் தசையாக்கினர். பட்டையின் நுண்ணிய அசைவைச் சிறு மடிப்புகள் சிறகின் பெரிய வீச்சாக மாற்றின. அதற்குரிய மின்சாரம் மட்டும் மெல்லிய கம்பி வழியே வெளியிலிருந்து வந்தது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக 1972 முதல் 1984 வரை விளங்கிய சதீஷ் தவானும் இத்துறையில் ஆர்வம் கொண்டவர். ராக்கெட் ஏவுதளத்தின் அருகேயுள்ள பழவேற்காடு ஏரியின் பறவைகளை உற்றுநோக்கியவர். பறவைகள் பறக்கும் முறைபற்றி நூலும் எழுதினார்.

இத்தனை முயற்சியும் விளையாட்டிற்கு அன்று. இடிபாடுகளின் இடுக்கில் நுழைந்து உயிரோடு இருப்போரைத் தேடுவது இத்தகைய பொறிகளின் நோக்கங்களுள் ஒன்று. தங்கவயல் மக்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அங்கே பாறை திடீரென வெடித்துச் சரியும்போது, உள்ளே எவர் இருக்கின்றனர் என்பதை அறிய மீட்போர் தாமே இறங்க வேண்டியிருந்தது. 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்படும்வரை அந்நிலை மாறவில்லை.

சொற்பொருள்

இடர் – துன்பம், தடை. நாண் – கயிறு. வடம் – பெருங்கயிறு. அந்தரம் – வெளி, ஆகாயம்.

பயிற்சி

1. சிறகைத் தூக்கும் தசை மார்பிலேயே இருப்பதால் பறவைக்கு விளையும் நன்மை யாது?
2. தையல் இயந்திரத்திற்கும் சிறகுப்பொறிக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
3. பிரித்து எழுதுக: சிறகெலும்பு, கம்பிவடம், எதிரெதிர்.
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம், சுரங்கக் கூண்டில் இறங்கியோரைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.