‘யூ ஆர் கிரேட்’டுக்கு அடுத்த வரி

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். விடுப்புக் கடிதம், வேலைக்கான விண்ணப்பம், பருவநிலை மாற்றம் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எல்லாவற்றையும் எப்படியோ எழுதிவிடுகிற பிள்ளைகள், “நீங்கள் வியந்து பார்க்கிற ஒருவருக்கு, அவரைப் பற்றியே ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள்” என்றதும் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ‘யூ ஆர் கிரேட்’, ‘யூ ஆர் மை இன்ஸ்பிரேஷன்’ என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே ஓர் இதயம் வரைந்திருக்கும். அடுத்த வரி வராது.

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று எனக்கு வரும் வாழ்த்து அட்டைகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது சிலவற்றைத்தான். அதில் ஒன்றில் ஒரு மாணவன் எழுதியிருந்தான்: ‘ஐ வாஸ் ஆப்சென்ட் த்ரீ டேஸ். நோபடி ஆஸ்க் வை. யூ ஆஸ்க்.’ இலக்கணம் தவறுதான். ஆனாலும் அவன் மனதில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அந்த மூன்று சிறு வாக்கியங்கள் சொன்னதை, பளபளப்பான எந்த அட்டையும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருவரை அவர் முகத்துக்கு நேரே பாராட்டுவது நம் வழக்கத்தில் இல்லை. குழந்தை நன்றாகப் பாடினால் பாட்டி கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள், சாயங்காலம் சுற்றிப் போடுவாள். “நல்லாப் பாடின” என்று சொல்லமாட்டாள், கண் பட்டுவிடும். யாரை எப்போது புகழலாம் என்பதற்கு ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடலே உண்டு. நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ வேண்டும், ஆசானை எங்கும் புகழலாம், மனைவியைப் படுக்கையறையில், பெற்ற பிள்ளைகளை நெஞ்சுக்குள் மட்டும், வேலை செய்பவரை வேலை முடிந்த பின். புகழ்ச்சி ஆளைக் கெடுக்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது, அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு நெஞ்சுக்குள் மட்டும் என்ற பங்கீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று கடைசி வரை தெரியாமல் போனவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம்.

இந்தக் கூச்சத்தை ஆங்கிலம் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘லவ் யூ பா’ என்று சர்வசாதாரணமாக அனுப்புகிற பெண், அதையே தமிழில் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குவாள். பிறமொழி ஒரு சிறு விலகலைத் தருகிறது. அந்த விலகலில் தைரியம் வருகிறது. இதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. டொரன்டோவிலும் மெல்பர்னிலும் பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகளில் பலருக்கு இருப்பதே அந்த மொழிதான். அதில் என்ன சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் என் அக்கறை.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். பாராட்டுக்குப் பெரிய பெரிய சொற்கள் வேண்டும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ‘மேக்னானிமஸ்’, ‘ஃபினாமினல்’ என்றெல்லாம் தேடி எடுத்து வருகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அப்படிப் பேசுவதில்லை. ஜோன் மேன்ஸ், நெஸ்ஸா வுல்ஃப்சன் என்ற இரு மொழியியலாளர்கள் அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சிலிருந்து நூற்றுக்கணக்கான பாராட்டுகளைத் திரட்டி, 1981-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய 85 சதவீதப் பாராட்டுகள் மூன்றே வாக்கிய அமைப்புகளுக்குள் அடங்கிவிட்டன. பெயரடை வந்த பாராட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு ‘நைஸ்’, ‘குட்’, ‘பியூட்டிஃபுல்’, ‘ப்ரிட்டி’, ‘கிரேட்’ என்ற ஐந்து சொற்களையே நம்பியிருந்தன. ஆகவே ‘யூ ஆர் கிரேட்’ என்று தொடங்குவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் வரி எல்லோருக்கும் பொதுவானது. அந்த மனிதருக்கென்றே இருக்க வேண்டியது இரண்டாவது வரி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நீ என்ன பார்த்தாய்?”

ஒரு மாணவியின் அப்பா பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு இரவில் சின்ன வெங்காய லோடு ஓட்டுகிறவர். ‘மை ஃபாதர் இஸ் எ வெரி ஹார்ட் வொர்க்கிங் மேன்’ என்று எழுதி நிறுத்தியிருந்தாள். ஊரில் உள்ள எல்லா அப்பாக்களுக்கும் பொருந்துகிற வரி. “அவர் உழைக்கிறார்னு உனக்கு எப்படித் தெரியும்? என்ன பார்த்த?” என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “விடியக்காலைல வந்தாலும் உடனே படுக்கமாட்டாரு மேம். என்னைய காலேஜ் பஸ்ல ஏத்தி விட்டுட்டுத்தான் போய்ப் படுப்பாரு.” அதை அப்படியே எழுதச் சொன்னேன். ‘யூ டிரைவ் ஆல் நைட். ஸ்டில் யூ ஸ்டாண்ட் வித் மீ அன்டில் மை பஸ் கம்ஸ். ஐ அட்மையர் யூ ஃபார் தட்.’ எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த சொற்கள். உயர்வாகச் சொல்ல ஒரு பெயரடை கூட அதில் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் வீட்டில் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறாள். “இதையெல்லாமா பாப்பா கவனிச்ச?” என்று கேட்டாராம். தாளை வாங்கி வண்டியின் ஆர்.சி. புக் உறைக்குள் வைத்துக்கொண்டாராம்.

அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. தான் செய்வதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிவதுதான் மனிதரை நெகிழ்த்துகிறது. அதற்கு உதவும் சில தொடக்கங்களை மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். ‘ஐ அட்மையர் தி வே யூ’, ‘ஐ நோட்டிஸ்ட் தட் யூ’, ‘ஐ ஸ்டில் ரிமெம்பர் தி டே யூ’. இவை பாதியில் நிற்கிற வாக்கியங்கள். முடிக்க வேண்டுமானால் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘யூ ஆர் அமேசிங்’ அப்படியில்லை, சொன்னவுடன் முடிந்துவிடும்.

ஆளுக்குத் தக்கபடி சில கவனங்கள் உண்டு. பெரியவர்களுக்கு ‘ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ’ என்று எழுதும்போது, பெரும்பாலும் மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் தொடர் அது என்பது நினைவிருக்கட்டும். அம்மாவுக்கு ‘ஐ ஆம் ப்ரவுட் டு பி யுவர் டாட்டர்’ என்றால் பணிவும் இருக்கும், பெருமிதமும் இருக்கும். சிறு பிள்ளைகளிடம் ‘யூ ஆர் சோ ஸ்மார்ட்’ என்பதை நான் நிறுத்தச் சொல்வேன். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைத் தீர்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் அறிவைப் புகழ்ந்தார்கள், இன்னொரு பகுதியினரின் முயற்சியைப் புகழ்ந்தார்கள். அறிவுக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள், அடுத்துக் கடினமானது வந்து தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். ‘யூ ட்ரைட் த்ரீ டிஃபரென்ட் வேஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை நான்காவது வழியைத் தேடும். நிறம், எடை, ‘இந்த வயதிலும்’, ‘உன் அண்ணனை விட’ என்பவற்றை எந்த மொழியிலும் பாராட்டில் சேர்க்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், படுக்கையில் விழுந்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொண்டு கல்லூரிக்கும் வந்துபோகிறார். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் ‘யூ ஆர் எ சூப்பர்வுமன்’ என்கிறார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அதைக் கேட்டா பயமா இருக்கு அக்கா. இதுக்கு மேல முடியலன்னு யாருகிட்டயும் சொல்லவே முடியாது போலிருக்கு.” உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால் அவர் இறங்கி வந்து உதவி கேட்க முடியாது. சுமக்கிறவர்களைப் பாராட்டும்போது, அந்தச் சுமையைப் பார்த்தேன் என்பதும் கூடவே வர வேண்டும். ‘ஐ ஸீ ஹௌ மச் யூ ஆர் கேரியிங்’ என்று எழுதினேன். அடுத்த வரியாக, ‘கேன் ஐ டேக் யுவர் ஃப்ரைடே ஆஃப்டர்நூன் கிளாஸ்?’ வெள்ளிக்கிழமை மதிய வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். நோயோடு போராடுகிறவர்களை ‘ஃபைட்டர்’ என்று அழைக்கும் முன்பும் இதை யோசியுங்கள். அழ வேண்டும் என்று அவருக்கு ஒருநாள் தோன்றினால், நாம் கொடுத்த பட்டம் அதைத் தடுக்கக் கூடாது.

ஔவையார் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் அப்படியே பின்பற்றுகிறேன், நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழ்வது. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் “இப்பத் திருப்பப் போறேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அவருக்கு நேரில் நன்றி சொன்னேன். செவிலியர் கண்காணிப்பாளருக்குத் தனியே ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதினேன். அந்தச் செவிலியரின் பெயர், எந்த வார்டு, எந்த ஷிஃப்ட், அவர் என்ன செய்தார், அதனால் அம்மாவுக்கு எப்படி இருந்தது, அவ்வளவுதான், அரைப் பக்கம். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவருக்கும் இதே முறை பொருந்தும். மேலதிகாரிக்கு எழுதி, நகல் அவருக்கு. அன்பைக் கோப்பில் ஏற்றுகிற வழி இது, பதவி உயர்வு நேரத்தில் அது பேசும்.

“தப்பா எழுதிட்டா என்ன நினைப்பாங்க மேம்?” என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை அப்போது சொல்வேன். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், சொற்கள் சரியாக அமைந்தனவா, வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று கவலைப்பட்டார்கள். வாங்கியவர்களுக்கு அவ்வளவு சங்கடம் இல்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். அவர்கள் கவனித்தது சொல்நயத்தை அல்ல, எழுதியவரின் மனதை. மேலே சொன்ன மாணவனின் ‘யூ ஆஸ்க்’ எனக்குச் செய்ததும் அதுதான். திருத்தி எழுதிக்கொண்டே இருந்து அனுப்பாமல் விட்ட கடிதத்தைவிட, பிழையோடு போய்ச் சேர்ந்த கடிதம் மேல் என்று ஆங்கில ஆசிரியையாகவே சொல்கிறேன்.

பாராட்டை வாங்கிக்கொள்ளவும் பழக வேண்டியிருக்கிறது. “அய்யோ, நோ நோ, நத்திங்” என்று நாம் உடனே தட்டிவிடுகிறோம். நமக்கு அது அடக்கம். கொடுத்தவருக்கோ, நீட்டிய கை அப்படியே நின்றுபோகிறது. ‘தாங்க் யூ. தட் மீன்ஸ் எ லாட்’ போதும். வகுப்பில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு இதற்கென்றே ஒரு பயிற்சி வைக்கிறேன். ஒருவர் எழுதியதைப் படிக்க வேண்டும். மற்றவர் மறுக்காமல் கேட்டு, நன்றி மட்டும் சொல்ல வேண்டும். படிப்பதைவிடக் கேட்பது பிள்ளைகளுக்குச் சிரமமாக இருக்கிறது. அடுத்த பருவத்தில் இதைப் பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளிலேயே வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆங்கிலத்திலோ தமிழிலோ, அவரவருக்கு எது வருகிறதோ அதில் படிக்கட்டும். துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.